நடுவில் வைக்கும் தட்டு



சென்ற பொங்கல் விழா மாலையில் கோலப் போட்டி முடிந்ததும் கிளப் ஹவுஸில் பலகாரத் தட்டு வைக்கும் பொறுப்பு எங்கள் பிளாக்கிற்கு வந்தது. மூன்று எவர்சில்வர் தாம்பாளங்கள். அவற்றில் சேலத்துத் தட்டுவடை செட், கடலைச் சுண்டல், கொய்யாத் துண்டுகள், கடலை மிட்டாய். கால் மணி நேரத்தில் மூன்றும் காலி. "இவ்வளவு சுலபமா? எழுதிக் கொடுங்களேன்" என்று பலர் கேட்டீர்கள். அந்தச் செய்முறையை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எழுதும்போது அன்று நடந்த இன்னொன்று குறுக்கே வந்தது. விழா தொடங்கும் முன்பே செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் ஹவுஸ்கீப்பிங் பணியாளர்களுக்கும் தனித்தனிப் பொட்டலம் கட்டி வைத்திருந்தேன். கூட்டத்தில் அவர்களுக்கு இல்லாமல் போய்விடக் கூடாது என்ற எண்ணம்தான். ஹாலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். தாம்பாளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "செட்டு ரொம்ப அழகா இருக்கு மேடம்" என்றார். பிறகு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். அதில் இருந்தது கடையில் வாங்கிய மிக்சர். செட் இல்லை.

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிறகு எங்கே கற்றுக்கொண்டேன்? அதைத் தேடிப் போனதில் ஒரு விஷயம் புரிந்தது. நாலு பேர் கை நீட்டி எடுக்கும்படி நடுவில் ஒரு தட்டை வைப்பது நம் ஊரில் ரொம்பச் சாதாரணமான காரியம் இல்லை. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. செய்முறை கடைசியில் இருக்கிறது. அவசரமாக வேண்டுபவர்கள் அங்கே போகலாம். மற்றவர்கள் என்னோடு கொஞ்சம் நடந்து வாருங்கள்.

அவரவர் இலை

நம் வீட்டு விருந்தை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேர் வந்தாலும் ஆளுக்கொரு இலை. பரிமாறுபவர் கரண்டியால் போடுவார். கரண்டி இலையில் படாது. சாப்பிடுபவர் எச்சில் கையால் பாத்திரத்தைத் தொடமாட்டார். தண்ணீர் குடிக்கும்போதும் டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது பெரியவர்களின் பழக்கம். 'எச்சில்' என்ற ஒற்றைச் சொல் நம் சாப்பாட்டு முறையை அவ்வளவு தூரம் வடிவமைத்திருக்கிறது.

இதில் சுகாதாரமும் உண்டு. பலர் கை வைத்த சோற்றில் கிருமி பரவும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நம் முன்னோர். ஆனால் சுகாதாரத்தோடு சேர்ந்து இன்னொன்றும் அந்த விதிகளுக்குள் உட்கார்ந்துகொண்டது. யார் சமைத்ததை யார் சாப்பிடலாம், யார் எந்தப் பந்தியில் உட்காரலாம், யார் வீட்டுக்கு உள்ளே வரலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்பதெல்லாம் பிறப்பை வைத்து முடிவாயின.

அந்த விதிகளிலும் ஓர் ஏற்ற இறக்கம் இருந்தது. தண்ணீரில் வெந்த சோறு, குழம்பு போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு அதிகம். நெய்யிலும் எண்ணெயிலும் பொரித்தவற்றுக்கும் வறுத்தவற்றுக்கும் கொஞ்சம் இளக்கம். வட இந்தியாவில் இவற்றைக் 'கச்சா', 'பக்கா' என்று பெயர் வைத்தே பிரித்தார்கள். சோறு வாங்கிச் சாப்பிடாத வீட்டிலும் முறுக்கை வாங்கிக்கொள்ளலாம். வழிப்பயணத்தில் யாரோ நீட்டும் பொரிகடலையை மறுக்காமல் வாங்கலாம். ஈரமில்லாத, கெட்டுப்போகாத, கையால் உடைத்துக் கொடுக்கக்கூடிய பண்டம் பல வேலிகளைத் தாண்டியது. 'சுண்டல்' என்ற சொல்லையே பாருங்கள். தண்ணீர் சுண்டும்வரை வேகவைத்தது என்பதுதான் பொருள்.

நாம் 'நொறுக்குத்தீனி' என்று அலட்சியமாகச் சொல்வது இந்த ஊரில் மனிதர்களை முதலில் நெருங்க விட்ட உணவாக இருந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைத்தெருவும் கோயிலும்

பலகாரம் வாங்கித் தின்பது புதுப்பழக்கம் என்று நினைக்க வேண்டாம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரையின் இரவுக் கடைத்தெருவைக் காட்டும்போது அடையும், பருப்பும் தேங்காயும் இனிப்பும் உள்ளே வைத்துப் பிடித்த மோதகமும் விற்பவர்களைக் காட்டுகிறது. அப்பம் சுட்டு விற்பவர்களுக்குக் 'கூவியர்' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையிலும் அவர்கள் வருகிறார்கள். வீட்டில் செய்ய முடியாததை, அல்லது செய்ய நேரமில்லாததைக் கடையில் வாங்கும் நம் வழக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது.

12-ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் தொகுத்த 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலில் உளுந்து வடை வருகிறது. திருப்பதி மலையில் உள்ள விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தால் நாவில் நீர் ஊறும். அதிரசப்படி, வடைப்படி, அப்பப்படி, சுகியன்படி, மனோகரப்படி என்று எந்த நாளில் எந்தப் பலகாரம், அதற்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய், எவ்வளவு வெல்லம் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை தமிழில்தான் இருக்கின்றன. படையல் முடிந்ததும் கட்டளை வைத்தவருக்குப் போகும் பங்குக்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். வழக்கமாக நாலில் ஒரு பங்கு. ஆக, பெரிய அளவில் பலகாரம் செய்து, கணக்குப் போட்டுப் பங்கிடும் நிர்வாகத் திறமையும் நமக்குப் பழையதுதான். நம் விழாக் குழுவினர் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

'பலகாரம்' என்ற சொல்லுக்கும் சுவையான கதை உண்டு. 'பலாகாரம்', அதாவது பழ உணவு என்ற வடசொல்லிலிருந்து வந்தது. விரத நாளில் சோற்றைத் தவிர்த்துப் பழம் உண்பது முதல் பொருள். பிறகு சோறு அல்லாத சிற்றுண்டி எதுவும் பலகாரம் ஆயிற்று. இன்று வெங்காய பஜ்ஜியும் பலகாரம். பழம் மட்டும் அந்தத் தட்டிலிருந்து காணாமல் போய்விட்டது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பிரசாதம் கோயிலுக்குள் போக முடிந்தவர்கள் கைக்குத்தான் முதலில் வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார். நம்மில் சிலருடைய தாத்தா பாட்டிகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் தேதி அது.

வெற்றிலைத் தட்டும் சஹனும்

நம் வீடுகளில் பொதுத் தட்டே இல்லையா என்றால், ஒன்று இருந்தது: வெற்றிலைத் தட்டு. விருந்தாளி வந்தால் நடுவில் வைப்பது அதைத்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றையும் அவரவர் எடுத்து அவரவர் மடித்துப் போட்டுக்கொள்வார்கள். 1443-ல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அரசவையில் தமக்கு வெற்றிலை தரப்பட்டதை வியப்போடு எழுதி வைத்திருக்கிறார். நிச்சயதார்த்தத்தில் 'தட்டு மாற்றுவது', சீர் வரிசையில் பழத்தையும் பூவையும் அழகாக அடுக்குவது எல்லாம் இந்தத் தாம்பாளத்தின் உறவுதான். தட்டை அழகாக அடுக்குவதை நாம் யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. சீர் தட்டு அடுக்கிய அத்தை ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார்.

ஒரே தட்டில் பலர் கை வைத்துச் சாப்பிடும் வழக்கமும் தமிழ்நாட்டில் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் முஸ்லிம் வீட்டுத் திருமண விருந்துக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். 'சஹன்' என்னும் பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, பலர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். ஏழையும் பணக்காரரும் ஒரே சஹனில் உட்காரலாம். கல்லூரியில் படிக்கும்போது தோழியின் அக்கா திருமணத்தில் முதன்முதலாக அப்படி உட்கார்ந்தபோது எனக்குக் கை கூசியது. தோழியின் அம்மா கறித்துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார். கூச்சம் இரண்டாவது வாயில் போய்விட்டது.

கப்பலில் வந்தவை

இனி தட்டில் இருப்பவை எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். 1500-ல் கப்ரால் என்னும் போர்ச்சுகீசியர் பிரேசில் கரையைத் தொட்டுவிட்டு அதே பயணத்தில் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அமெரிக்கக் கண்டத்துக்கும் நம் கரைக்கும் கடல்வழித் தொடர்பு ஏற்பட்ட காலம் அது. அடுத்த நூறு இருநூறு ஆண்டுகளில் நம் தட்டே மாறிப்போனது.

மிளகாய் அப்படி வந்ததுதான். அதற்கு முன் நம் உறைப்பு மிளகும் இஞ்சியும் தந்தது. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் 'மிளகாய்' என்று பெயர் வைத்து வீட்டுப்பிள்ளை ஆக்கிக்கொண்டோம். நிலக்கடலை தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை பக்கத்துக்காரர்கள் அதை 'மல்லாட்டை' என்பார்கள். மணிலாக்கொட்டை என்பதன் பேச்சு வடிவம் அது. பிலிப்பைன்ஸின் மணிலா நகரம் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. பண்ருட்டி என்றதும் நினைவுக்கு வரும் முந்திரி, பிரேசில் நாட்டு மரம். கொய்யா, தக்காளி, உருளைக்கிழங்கு, அன்னாசி எல்லாம் அதே கடல் தாண்டி வந்த உறவினர்கள். 'அன்னாசி' என்பதே போர்ச்சுகீசியச் சொல் வழியாக வந்த பெயர்.

நம் ஊர்க்காரர்களும் தட்டில் இருக்கிறார்கள். உளுந்து இந்திய மண்ணில் பிறந்தது. எள்ளும் அப்படியே. எள்ளின் நெய் என்பதால்தான் 'எண்ணெய்'. அந்தச் சொல் எவ்வளவு பெரிதாகிவிட்டதென்றால், இப்போது தேங்காயிலிருந்து எடுத்தாலும் 'எண்ணெய்' என்கிறோம்.

மிளகாய்க்கு வீட்டுக்குள் வர ஒரு தடையும் இருக்கவில்லை. திதிக்குச் சமைக்கும்போது மட்டும் சில வீடுகளில் அதை ஒதுக்கி மிளகைச் சேர்ப்பார்கள். மற்ற நாளெல்லாம் அடுப்படியில் அதற்கே முதல் இடம். ஏழு கடல் தாண்டி வந்த காய்க்கு நூறு ஆண்டுகளில் கிடைத்த இடம், அடுத்த தெருவில் பிறந்த மனிதருக்குக் கிடைக்க அதைவிட அதிக காலம் ஆனது.

ரயிலும் காபி கிளப்பும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஒரே பெட்டியில் யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்பதை டிக்கெட்தான் முடிவு செய்தது. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்ததும் பழைய கோடுகள் மறுபடி முளைத்தன. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-ல்தான் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது.

பெட்டிக்குள் மட்டும் நொறுக்குத்தீனி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. திருச்சி–திண்டுக்கல் பாதையில் மணப்பாறையில் ரயில் நின்றால் ஜன்னல் வழியாக முறுக்குக் கட்டுகள் உள்ளே வரும். பாதி வெந்ததும் எடுத்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போட்டு எடுப்பது அந்த முறுக்கின் தனிப் பக்குவம். அதனால்தான் அவ்வளவு கரகரப்பு. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லேயே கிடைத்துவிட்டது. எதிர் இருக்கைக்காரர் முறுக்கை உடைத்து நீட்டும்போது அவர் யார் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும்.

நகரங்களில் காபி கிளப்புகள் பெருகின. அவற்றிலும் இதே கதை. 1920-களின் நடுவில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட செய்தி வெளிவந்து, காங்கிரஸ் கட்சியையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைப் பெரும் கேள்வியாக எழுப்பினார்கள். நாட்டு விடுதலைக்காகப் பிள்ளைகளை வளர்ப்பதாகச் சொன்ன இடத்திலேயே பந்தி இரண்டாக இருந்தது என்பதுதான் பலரை வருத்தியது.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதி, மத, இன, பால், பிறப்பிட அடிப்படையில் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் எழுதியவர்களுக்கு உணவகத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டிய தேவை இருந்தது என்பதைக் கவனியுங்கள். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 1957-ல், உணவகப் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருப்பதை எதிர்த்துத் திராவிடர் கழகம் சென்னை திருவல்லிக்கேணியில் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. டீக்கடையில் இரட்டைக் குவளைகள் இருந்த கிராமங்கள் அதற்கும் பிறகு நெடுங்காலம் செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தன.

இன்னொரு பக்கம், ஒரே வரிசையில் உட்கார்த்தி வைக்கும் முயற்சிகளும் நடந்தன. 1956-ல் காமராசர் தொடங்கிய பள்ளி மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பிள்ளைகளை ஒரே தரையில் உட்கார வைத்தன. சுதந்திர தினத்தன்று கோயில்களில் நடக்கும் பொது விருந்து இன்றும் தொடர்கிறது.

இவ்வளவையும் படித்த பிறகு என் காகிதப் பொட்டலத்தைத் திரும்பிப் பார்த்தேன். அதில் சாதி இல்லை என்று நான் வாதாடலாம். நான் யாருடைய ஊரையும் பெயரையும் கேட்கவில்லை. ஆனால் 'இவர்களுக்கு இங்கே, அவர்களுக்கு அங்கே' என்று கைக்குத் தானாகவே தெரிந்திருந்தது. அந்தப் பழக்கம் எத்தனையோ தலைமுறையாகக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

சேலத்துத் தெருமுனை

தட்டுவடை செட்டை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது பிறவியிலேயே எல்லோருக்குமான பண்டம். சேலத்தில் மாலை ஆனால் தெருமுனைத் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். ஐந்து ரூபாய் நாணய அளவைவிடக் கொஞ்சம் பெரிய தட்டைகள். நம்மில் பலர் 'தட்டை' என்பதைச் சேலத்துக்காரர்கள் 'தட்டுவடை' என்பார்கள். ஒரு தட்டுவடை மேல் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். அதன் மேல் இன்னொரு தட்டுவடை. அவ்வளவுதான் செட். பூண்டு செட், மாங்காய் செட், முறுக்கு செட் என்று வகை பல. எல்லாவற்றையும் நொறுக்கிக் கலந்தால் 'நொறுக்கல்'. பட்டறைக்காரர், கல்லூரி மாணவி, வங்கி மேலாளர் எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றுதான் சாப்பிட வேண்டும். உட்கார இடமே கிடையாது என்பதால் முன்வரிசை பின்வரிசையும் கிடையாது.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு செட் ஒரே வாய். கடித்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டியதில்லை. எச்சில் பற்றிய கவலை உள்ளவர்களும் கூச்சமில்லாமல் பொதுத் தட்டில் கை நீட்டலாம்.

இருபது பேருக்குத் தட்டு

இனி நீங்கள் கேட்ட செய்முறை. தட்டு அடுக்க ஒரே விதி: எதை எடுத்தாலும் பக்கத்தில் இருப்பது விரலில் படக் கூடாது, எடுத்தது ஒரு வாயில் முடிய வேண்டும்.

தட்டுவடை செட்: ஆளுக்கு மூன்று செட் என்று 60 செட்டுக்கு 120 சின்னத் தட்டைகள். கடையில் வாங்குவதே சுலபம். வீட்டில் செய்வதென்றால் நான்கு கப் அரிசி மாவுக்கு அரை கப் வறுத்த உளுந்து மாவு, அரை கப் பொட்டுக்கடலை மாவு, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், எள், ஊறிய கடலைப்பருப்பு, மிளகாய்த்தூள், உப்பு, கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து மெல்லிதாகத் தட்டி, முள்கரண்டியால் குத்தி, மிதமான தீயில் பொரியுங்கள். குத்தாவிட்டால் பூரி போல உப்பிவிடும்.

பச்சைச் சட்னிக்கு மல்லி, புதினா, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, உப்பு. சிவப்புச் சட்னிக்குக் காய்ந்த மிளகாய், பூண்டு, வதக்கிய தக்காளி. இரண்டும் கெட்டியாக இருக்கட்டும். நடுத்தர அளவில் இரண்டு பீட்ரூட், நான்கு கேரட் துருவி, நான்கு பெரிய வெங்காயம் பொடியாக நறுக்கித் தனித்தனியாக மூடி வையுங்கள். முன்கூட்டியே செட் கட்டாதீர்கள், நமத்துவிடும். விருந்தினர் வந்த பிறகு இரண்டு பேர் உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை.

சுண்டல்: அரை கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை. முதல் நாள் இரவே ஊறவைத்து, உப்புப் போட்டுக் குழையாமல் வேகவிட்டு, நீரை வடித்துத் தாளியுங்கள். தேங்காய்த் துருவலும் மாங்காயும் கடைசி நேரத்தில். முன்பே தேங்காய் போட்டால் ஊசிப்போகும். சின்னத் தொன்னைகளில் நிரப்பி வைத்தால் கரண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பழம்: நான்கைந்து கொய்யாவை நீளத் துண்டுகளாக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவுங்கள். பலகாரத் தட்டுக்குப் பழம் திரும்பி வரட்டும்.

அடுக்கும் முறை: பெரிய தாம்பாளத்தில் வாழையிலையை வட்டமாக வெட்டிப் போடுங்கள். நடுவில் சட்னிக் கிண்ணங்கள் இரண்டு. சுற்றிலும் செட்கள் ஒரு வளையம். அதற்கு வெளியே கொய்யாவும் சுண்டல் தொன்னைகளும் மாறி மாறி. பீட்ரூட் சிவப்பும் கொய்யாப் பச்சையும் இலையின் மேல் தாமே அழகாக நிற்கும். கடலை மிட்டாயை மட்டும் தனித் தட்டில் வைத்து 'நிலக்கடலை' என்று சீட்டு எழுதி வையுங்கள். கடலை ஒவ்வாத குழந்தைகள் நம் குடியிருப்பில் இருக்கலாம். தட்டை வாங்கும்போதும் கடலை சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. எண்ணிக்கை போடும்போது அன்று வேலையில் இருக்கும் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், தோட்டம், லிஃப்ட் பணியாளர்களையும் சேர்த்து எண்ணுங்கள். இருபது வீட்டார், ஆறு பணியாளர் என்றால் தட்டு இருபத்தாறு பேருக்கு, செட் 78. கேட்டை விட்டு வர முடியாதவருக்கு அதே தட்டிலிருந்து, அதே செட்டை, அதே தொன்னையில் ஒருவர் கொண்டு போகட்டும். மற்றவர்களை ஹாலுக்குள் கூப்பிடுங்கள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்த அக்காவைக் கூப்பிட்டு, செட் கட்ட உதவ முடியுமா என்று கேட்டேன். "சட்னியை ஓரத்துல வைக்காதீங்க மேடம், நடுவுல வைங்க, வழியாது" என்று சொல்லிக் கொடுத்தார். அவர் அம்மா வீடு சேலம் பக்கம் தாரமங்கலமாம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது. முதல் செட்டை அவர்தான் எடுத்து ருசி பார்த்தார். உப்புக் கொஞ்சம் குறைவு என்றார். சரியாகத்தான் சொன்னார்.

அடுத்த தட்டு ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்குப் பிறகு. இந்த முறை எந்த பிளாக் பொறுப்பு என்று அசோசியேஷன் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். தாம்பாளங்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள்ளலாம்.